பூமியதிர்ச்சியின் சுவடறிந்த ஓல்டம்

பூமி அதிர்ந்தால் ஆதிசேடன் சுமையைத் தலை மாற்றுகிறான் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இலங்கைக்கு அந்தப் பயமில்லை என்றும் கூடவே சொல்வார்கள். 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், நமது பிலிமத்தலாவைக்குக் கிழக்கே, கண்டிக்கு அப்பாலுள்ள திகனைப் பகுதியில் நிலம் சற்றே நடுங்கியபோது அந்த நிம்மதி கொஞ்சம் கலைந்தது. பூமியதிர்ச்சியைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுக்கு அடியிட்டவருள் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நம் வாலிபர் முன் வைக்க விரும்புகிறோம்.

றிச்சேட் டிக்சன் ஓல்டம் 1858ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி பிறந்தார். தந்தையார் தோமஸ் ஓல்டம், இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் முதல் தலைவர். 1869 ஜனவரியில் கச்சார்ப் பகுதியைக் குலுக்கிய பூமியதிர்ச்சியை அவர் ஆராய்ந்தார். ஆனால் அந்நூல் வெளிவருமுன் 1878இல் காலமானார். மறு ஆண்டு மகன் அதே திணைக்களத்திற் சேர்ந்து, தந்தையார் விட்டுச்சென்ற ஏடுகளைச் சீர்செய்து அச்சேற்றினார். பிதிர்க்கடன் இப்படியுங் கழியும் போலும்.

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆந் திகதி மாலை ஐந்தேகால் மணியளவில் அசாம் நாடு அதிர்ந்தது. ஷில்லாங் நகரிற் கல்லாற் கட்டிய வீடுகள் யாவும் தரைமட்டமாயின. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் வெளியில் நின்ற வேளையாதலால் சாவு அத்துடன் நின்றது. ஓல்டம் தம் துணையலுவலருடன் அந்நாட்டை ஆராய்ந்தார். சேத்ராங் என்னும் சிற்றாற்றை ஒட்டிப் பாறை பிளந்து, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட உயர்ந்து நின்றது. பிளவின் நீளம் ஏறக்குறைய 12 மைல். உயர்ச்சி சிலவிடங்களில் 35 அடி. நேற்றுவரை சமமாய் ஓடிய ஆறு பிளவைக் கடந்த ஓரிடத்தில் அருவியாய் விழுந்தது. இன்னோரிடத்தில் வழி மறிபட்டுக் குளமாய்த் தேங்கிற்று.

கண்ட பிளவே காரணம் என்று முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிரார். ஓல்டம் அப்படி முடிக்கவில்லை. இவ்வளவு பெரிய நாட்டை உலுக்க இச்சிறு பிளவு போதாது, கீழே பெரியதொரு பாறைப் பெயர்ச்சி நிகழ்ந்திருக்க வேண்டும் என்று கருதினார். அதைக் கண்ணாற் காண வழியில்லை. ஆகவே சாய்ந்த தூண்களையும், எழும்பி விழுந்த கற்களையும், அளவையாளர் மீண்டும் அளந்த மலைகளின் உயரங்களையும் தமது 1899ஆம் ஆண்டு அறிக்கையிற் பொறுமையாகப் பதிந்து வைத்தார்.

அதே அதிர்ச்சியை ஐரோப்பியக் கருவிகளும் பதிந்திருந்தன. அக்கோடுகளை ஒப்பிட்டு, பூமியினுள்ளே முந்தி வருவது ஒன்று, பிந்தி வருவது ஒன்று, மேற்பரப்போடு ஊர்ந்து வருவது ஒன்று என மூவகை அலைகள் உண்டெனக் கண்டார். உடல்நலங் குன்றி 1903இல் ஓய்வு பெற்றார். ஆயினும் 1906இல், இவ்வலைகளைக் கொண்டே பூமியின் நடுவில் வேறு தன்மையுள்ள ஒரு கரு இருப்பதைக் காட்டினார். தோண்டாமலே பூமியின் வயிற்றைப் பார்த்தவர் என்று சொல்லலாம். 1936இற் காலமானார்.

அவர் தேடிய பிளவு 2001இல் அகப்பட்டது. அன்றைய அளவைக் கணக்குகளை மீண்டும் ஆய்ந்த அறிஞர் இருவர், ஷில்லாங் மேட்டுநிலத்தின் வடக்கு ஓரத்தில் ஏறக்குறைய 110 கிலோமீற்றர் நீளமான பிளவொன்று புதைந்துகிடப்பதாக அறிந்து, அதற்கு ஓல்டம் பெயரையே சூட்டினர்.

கண்டிக்கு அருகே பல்லேகலையில் இப்போது ஒரு பதிகருவி இருக்கிறது. முந்தும் அலைக்கும் பிந்தும் அலைக்குமுள்ள இடைவெளியைக் கொண்டு அதிர்ச்சி எவ்வளவு தூரத்தில் நிகழ்ந்ததெனக் கணிக்கலாம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடிப் பாறை பெயர்ந்தபோது அந்த முதல் அலை சில நிமிடத்தில் பல்லேகலையை எட்டியது. கடல் நம் கிழக்குக் கரையேற ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்தக் கோட்டைப் படித்துக் கரையோர மக்களுக்குச் சொல்லும் ஏற்பாடு அன்று நாட்டில் இருக்கவில்லை.