வற்றாத செம்பு: மாயவித்தைக் கலைஞர் பி. சி. சர்க்கார்

மாயவித்தைக்காரர் என்றவுடன் நம்மில் பலருக்கும் கறுப்புத் தொப்பியும் அதிலிருந்து வெளியே வரும் வெள்ளை முயலும்தான் நினைவுக்கு வரும். மேடை வித்தைக்கு அந்தத் தோற்றத்தைக் கொடுத்தவர்கள் ஐரோப்பியர்கள். அதே மேடையில் தலைப்பாகையும் சரிகை அங்கியும் அணிந்து, ஒரு சாதாரண செம்புடன் வந்து உலகத்தை வியக்க வைத்த ஒருவர் நம் அயல்நாட்டில் வாழ்ந்தார். அவர்தான் பி. சி. சர்க்கார். விஞ்ஞான மன்ற நிகழ்ச்சிக்காக ஒரு சிறிய வித்தையைப் பழகத் தொடங்கியபோதுதான் அவருடைய வாழ்க்கையை நான் தேடி வாசித்தேன். வித்தையை விட அதற்குப் பின்னால் இருந்த உழைப்பே என்னைக் கவர்ந்தது.

இவரது முழுப்பெயர் பிரதுல் சந்திர சர்க்கார். 1913ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி கிழக்கு வங்காளத்தின் டாங்கைல் பகுதியில் பிறந்தார். இன்று அது பங்களாதேஷில் இருக்கிறது. டாங்கைல் என்றால் நம் தாய்மாருக்கு அங்கு நெய்யப்படும் பருத்திச் சேலைகள் நினைவுக்கு வரலாம். சர்க்கார் கல்வியில் பின்தங்கியவர் அல்லர். மைமன்சிங் நகரின் ஆனந்த மோகன் கல்லூரியில் கணிதம் கற்றுப் பட்டம் பெற்றவர். நல்ல உத்தியோகம் ஒன்றைத் தேடிப் போயிருக்கலாம். அவரோ கணபதி சக்கரவர்த்தி என்ற புகழ்பெற்ற வங்காள வித்தைக்காரரைக் குருவாகக் கொண்டு, மாயவித்தையையே தொழிலாக ஏற்றார். தமது பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, மாயக்காரர் என்று பொருள்படும் ‘சோர்சரர்’ என்ற சொல்லின் சாயல் வரும்படி எழுத்துகளையும் மாற்றிக்கொண்டார்.

தமது காட்சிக்கு அவர் வைத்த பெயர் ‘இந்திரஜாலம்’. கண்களைக் கோதுமை மாவாலும் துணியாலும் இறுகக் கட்டிக்கொண்டு, சபையோர் கரும்பலகையில் எழுதுவதை வாசித்துக் காட்டுவது அதில் ஒன்று. மனிதரை அந்தரத்தில் மிதக்கவிடுவது இன்னொன்று. பெரிய பெட்டிகளும் பல உதவியாளர்களும் நிறைந்த அந்த மேடையில், எல்லாவற்றிலும் எளிமையானது ஒரு செம்புதான். அதற்கு ‘இந்தியாவின் நீர்’ என்று பெயர். காட்சியின் தொடக்கத்தில் செம்பிலுள்ள நீர் முழுவதையும் ஊற்றிக் கவிழ்த்துக் காட்டுவார். அடுத்த வித்தை முடிந்ததும் திரும்பி வந்து, அதே செம்பிலிருந்து மீண்டும் நீர் ஊற்றுவார். இப்படியே காட்சி முடியும்வரை நீர் வந்துகொண்டே இருக்கும்.

நான் பழகியதும் இந்தச் செம்பு வித்தையைத்தான். இத்தகைய செம்பின் இரகசியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. பால்பேணியில் ஒரு துளை மட்டும் போட்டால் பால் சரியாக வராது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். பால் வெளியேற வேண்டுமானால் காற்று உள்ளே போக வேண்டும். நமது ஊர்த் தேநீர்க் கடைகளில் இதை அறியாதவர் இல்லை. வித்தைச் செம்புக்கு இரண்டு சுவர்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே மறைவான ஓர் அறை இருக்கும். அந்த அறை அடியிலுள்ள ஒரு சிறு துளையால் உட்பாத்திரத்துடன் இணைந்திருக்கும். செம்பின் கழுத்தருகே, வெளியே தெரியாதபடி, ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத் துளை இருக்கும். கட்டைவிரலால் அத்துளையை மூடிக்கொண்டு செம்பைக் கவிழ்த்தால் உட்பாத்திரத்து நீர் மட்டுமே வெளியேறும். மறைவான அறைக்குள் காற்று போக வழியில்லாததால் அங்குள்ள நீரை வளிமண்டல அமுக்கம் தடுத்து நிறுத்திவிடும். செம்பை நிமிர்த்தி வைத்து விரலை எடுத்ததும் காற்று உள்ளே செல்லும். நீர் மெல்ல உட்பாத்திரத்துக்கு வரும்.

ஹட்டனில் தகர வேலை செய்யும் ஒருவர், வாப்பா கேட்டதற்காக, இரண்டு பேணிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து ஈயம் பற்றவைத்துத் தந்தார். கருவி கைக்கு வந்த பிறகுதான், கருவி வேறு, வித்தை வேறு என்பது விளங்கியது. கட்டைவிரல் துளையைப் பார்க்காமலே கண்டுபிடிக்க வேண்டும். விரலை அழுத்தினால் கை விறைத்துத் தெரியும். தளர்த்தினால் நீர் சொட்டும். மார்கழிக் குளிரில் விரல் நுனிக்கு உணர்வே இருக்காது. அதனால் ஒவ்வொரு நாளும் சுபஹ் தொழுகைக்குப் பிறகு, கையைச் சூடாக்கிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று இருபது தடவை ஊற்றிப் பழகினேன். கை பழகிய பிறகு வாயையும் பழக்க வேண்டியிருந்தது. சபையோரிடம் பேசிக்கொண்டு, அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, விரல் தன் வேலையைத் தானே செய்ய வேண்டும்.

பழகும்போது இன்னொன்றும் தெரிந்தது. என் பேணியில் உட்பாத்திரம் மீண்டும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இதற்காகத்தான் சர்க்கார் செம்பை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, இடையில் வேறு வித்தை செய்தார் என்று நினைக்கிறேன். கணக்கும் உண்டு. உட்பாத்திரம் 300 மில்லிலீற்றரும் மறைவான அறை 900 மில்லிலீற்றரும் கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதல் தடவை 300 மில்லிலீற்றர் நீர் வரும். மீதி நீர் இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வருவதால் இரண்டாம் தடவை 225, மூன்றாம் தடவை ஏறக்குறைய 169 மில்லிலீற்றர்தான் கிடைக்கும். குறைவது சபையோருக்குத் தெரியாமல் ஊற்றும் வேகத்தை மாற்ற வேண்டும். கணிதப் பட்டதாரியான சர்க்காருக்கு இதெல்லாம் விளையாட்டாகவே இருந்திருக்கும்.

அவருடைய நேரக் கணிப்புக்குப் பெரிய சான்று 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி இலண்டனில் நடந்தது. பிபிசி தொலைக்காட்சியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில், பதினேழு வயது உதவியாளர் ஒருவரை மின்வாளால் இரண்டாக அறுப்பது போன்ற வித்தையை அவர் நேரலையில் செய்தார். அறுத்து முடிந்ததும் அப்பெண்ணை எழுப்ப முயன்றார், அவள் அசையவில்லை. அவளது முகத்தைத் துணியால் மூடினார். அந்த நேரத்தில் அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி முன்னால் வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் இறந்துவிட்டாள் என்று எண்ணிய மக்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. மறுநாள் பத்திரிகைகளிலும் இதே பேச்சு. அவளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அடுத்து அவர் டியூக் ஒஃப் யோர்க் அரங்கில் நடத்திய காட்சிகளுக்கு மக்கள் திரண்டனர். நேரம் முடிந்தது தற்செயல் அன்று, அவரது கணக்கே என்று நம்புவோர் பலர்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் எழும் ஒரு கேள்விக்கு வர வேண்டும். நான் பேணியுடன் பழகுவதைப் பார்த்த என் உம்மும்மா, இது ஸிஹ்ர் இல்லையா என்று கவலைப்பட்டார். அவருடைய கவலை நியாயமானது. சூனியம் நம் மார்க்கத்தில் பெரும்பாவம். கைவித்தை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகளும் உண்டு. நான் அவருடைய கையிலேயே பேணியைக் கொடுத்து, துளையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் இப்படிப்பட்ட வினோதப் பாத்திரங்கள் பலவற்றைத் தமது ‘கிதாபுல் ஹியல்’ என்ற நூலில் விளக்கியிருப்பதையும் சொன்னேன். நீரையும் காற்றையும் ஆராய்ந்த முஸ்லிம் அறிஞர்களின் நூல் அது. எல்லோருக்கும் துளையைக் காட்டிவிட்டால் சரி என்று உம்மும்மா சம்மதித்தார்.

அவருடைய நிபந்தனை எவ்வளவு அவசியமானது என்பதை எங்கள் அயலில் நான் கண்டிருக்கிறேன். வலிப்பு நோயுள்ள ஓர் அக்காவுக்குச் செய்வினை என்று சொல்லி, ஒரு மாந்திரீகர் தேசிக்காயை வெட்டினார். சிவப்பு நீர் வடிந்தது. இரத்தம் என்று வீட்டார் நடுங்கினர். கடன் வாங்கிப் பணம் கொடுத்தனர். ஆஸ்பத்திரி மாத்திரைகளை நிறுத்திவிட்டனர். செவ்வரத்தைப் பூவைக் கத்தியில் தேய்த்துவிட்டு வெட்டினால் தேசிக்காயின் அமிலம் பட்டு அந்தச் சாறு சிவக்கும் என்பது இரசாயனவியல் படிக்கும் எந்த மாணவிக்கும் தெரியும். அந்த அக்கா மீண்டும் கிளினிக்குக்குப் போகத் தொடங்குவதற்குள் பல மாதங்கள் கடந்துவிட்டன. இத்தகையவர்கள் மலைநாட்டில் மட்டும் இல்லை. எந்த ஒரு மதத்தவர் வீட்டுக்கு மட்டும் வருவதும் இல்லை.

சர்க்காருக்கும் அந்த மாந்திரீகருக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் இருக்கிறது. சர்க்கார் மேடையில் நின்று, இது வித்தை என்று சொல்லித்தான் நுழைவுச்சீட்டு விற்றார். மாயவித்தை பற்றிப் பல நூல்கள் எழுதி, அது கற்றுக்கொள்ளக்கூடிய கலை என்று காட்டினார். எவருடைய நோயையும் அச்சத்தையும் அவர் பணமாக்கவில்லை. மூஸா நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றிலும் இதையொட்டிய ஒரு படிப்பினை உண்டு. பிர்அவ்னின் அவையில் உண்மையை முதலில் அறிந்து ஸுஜூதில் விழுந்தவர்கள் அந்தச் சூனியக்காரர்களே. தங்கள் கயிறுகளும் தடிகளும் எவ்வளவு தூரம் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சர்க்காருக்கு 1964ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. உலகின் பல நாடுகளுக்கும் தம் குழுவுடன் சென்று காட்சி நடத்திய அவர், 1971 ஜனவரி 6ஆம் திகதி ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் காட்சிப் பயணத்தின்போது மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. ஒப்புக்கொண்ட காட்சிகள் நிற்கக் கூடாது என்பதற்காக அவருடைய மகன் பிரதீப் சந்திர சர்க்கார் அதே மேடையில் ஏறினார். பின்னர் அவரும் பி. சி. சர்க்கார் ஜூனியர் என்ற பெயரில் புகழ்பெற்றார்.

விஞ்ஞான மன்ற நிகழ்ச்சியில் நான் மூன்று தடவை நீர் ஊற்றினேன். கைதட்டல் ஓய்ந்ததும் பேணியைச் சபைக்குள் அனுப்பினேன். தேசிக்காயையும் வெட்டிக் காட்டி, செவ்வரத்தைப் பூவையும் காட்டினேன். எட்டாம் வகுப்புத் தங்கைகள் துளையைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்ததுதான் எனக்குக் கிடைத்த பரிசு. அன்புத் தோழியரே, பெற்றோர்களே, வியப்பான ஒன்றைக் கண்டால் வியந்து பாருங்கள்; பிறகு துளை எங்கே என்று கேளுங்கள். அதைக் கேட்கவிடாமல் பயமுறுத்தி உங்களிடம் பணம் கேட்பவரை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.