நார்த்கிளிப் பிரபு

யுத்தத்தை நடத்துவோர் யாவர் என்று வினவினால், அரசரும் சேனாதிபதிகளுமே என விடை கூறுதல் பழைய வழக்கம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக மகாயுத்தம் அவ்வழக்கை மாற்றிவிட்டது. அப்போரில் குண்டு வார்க்கும் தொழிற்சாலையும், செய்தி அச்சிடும் இயந்திரமும் சேனைக்கு இரு புயங்கள்போல் நின்றன. அவ்விரு புயங்களையும் அசைத்தவருள் ஒருவர் வாளேந்தியவரல்லர். மந்திரி சபையில் அமர்ந்தவருமல்லர். பத்திரிகை விற்றுப் பொருளீட்டியவர். ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த் என்னும் இயற்பெயருடைய நார்த்கிளிப் பிரபுவே அவர். அவருடைய சரிதத்தை இங்கே சுருங்க வரைய முற்படுகின்றோம்.

அவர் 1865-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் நாள், அயர்லாந்து தேசத்தில் டப்ளின் நகரையடுத்த சாப்பெலிசாடு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், நல்லவரெனினும் குடிப்பழக்கத்தால் தொழிலில் ஓங்காதவர். குடும்பமோ பெரிது. குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்த பின் வறுமை நீங்காத இல்லத்தில் மூத்த மகனாக வளர்ந்த ஆல்பிரட், தாயாரிடத்து இறுதி வரை குறையாத பக்தி பூண்டிருந்தார். கிள்பர்னிலுள்ள ஹென்லி ஹவுஸ் பாடசாலையிற் படித்தபோது, அப்பாடசாலைப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று நடத்தினார். உலகையே கலக்கிய பத்திரிகைத் தொழிலை அவர் பயின்ற இடம் இத்தகையதொரு மாணவர் பத்திரிகையே என்பதை நம் வாசகர் கருதுவாராக. சில ஆண்டுகள் கழித்து அதே பாடசாலையில் உபாத்தியாயராக அமர்ந்தவர் எச். ஜி. வெல்ஸ் என்னும் நூலாசிரியர். இவ்விருவரும் பின்னர்ச் சந்தித்த விதத்தைப் பிறகு கூறுவோம்.

ஆல்பிரட் பல்கலைக்கழகம் புகவில்லை. பல பத்திரிகைகளுக்குத் துணுக்குகள் எழுதியும், கவென்டிரி நகரில் சைக்கிள் பத்திரிகையொன்றை நடத்தியும் அனுபவம் பெற்றார். கட்டாயக் கல்விச் சட்டத்தின் பயனாக எழுத்தறிந்த ஜனங்கள் இங்கிலாந்தில் இலட்சக்கணக்கிற் பெருகியிருந்தனர். அவர்கள் படித்தற்கேற்ற எளிய பத்திரிகைகளோ மிகச் சில. இதனைக் கண்ட அவர் 1888-இல் ஆன்ஸர்ஸ் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு, இங்கிலாந்து பாங்கியிலுள்ள பொன்னின் அளவைக் குறித்த நாளுக்குச் சரியாக ஊகித்துரைப்பவருக்கு, வாழ்நாள் முழுதும் வாரம் ஒரு பவுன் தருவதாக விளம்பரம் செய்தார். 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடை எழுதினர். மனித இயல்பை அவர் அளந்த அளவுகோல் எத்தகையது என்பதற்கு இதுவொன்றே போதும்.

1896 மே 4-இல் டெய்லி மெயில் என்னும் தினசரி பிறந்தது. விலை அரைப் பென்னி. முதல் நாளில் ஏறத்தாழ 4 இலட்சம் பிரதிகள் விற்றன. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்ட காலத்திலோ விற்பனை 10 இலட்சத்தை எட்டியது. போர்ச் செய்தி விற்பனையைப் பெருக்கும் என்னும் பாடத்தை அவர் அப்போது கற்றார். அப்பாடத்தைப் பின்னர் ஒருநாளும் மறந்தாரில்லை. 1905-இல் நார்த்கிளிப் என்னும் பிரபுப் பட்டம் பெற்றார். 1908-இல், அரசியலார் அஞ்சி மதித்த டைம்ஸ் பத்திரிகையும் அவர் கைக்கு வந்தது. பாமரரும் மந்திரிகளும் காலையிற் கண் விழித்ததும் கையிலெடுப்பவை அவருடைய தாள்களாயின.

அக்காலத்தே ஜெர்மானியர் படையெடுத்து வருவார் என்னும் அச்சத்தை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1906-இல் வில்லியம் லெ க்யூ என்பவர் எழுதிய படையெடுப்புக் கதையொன்று டெய்லி மெயிலில் தொடர்ந்து வெளிவந்தது. கதையிற் பகைவர் சேனை செல்லும் வழி போர் நூற்படி வகுக்கப்பட்டிருந்தது. அவ்வழியிலுள்ள சிற்றூர்களிற் பத்திரிகை மிகுதியாக விற்காதென்று கண்ட நார்த்கிளிப், பெரிய நகரங்களினூடே சேனை செல்லுமாறு கதையை மாற்றுவித்தார். தத்தம் ஊர் எரியும் செய்தியைப் படிக்க அவ்வூரார் காசு கொடுத்தனர்! பிரஷ்யச் சிப்பாய்களைப்போல் உடுத்த ஆட்கள் விளம்பரப் பலகை தாங்கி லண்டன் வீதிகளில் நடந்தனர். ஆயினும் ஒன்று கூறவேண்டும்: ஜெர்மனியின் கடற்படை வளர்ந்தது மெய், ஆகாயப் பறவையாகிய விமானத்தின் ஆற்றலைப் பிறர் நகைத்த நாளில் உணர்ந்து, ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடப்பவருக்கு 1,000 பவுன் பரிசு வைத்தவரும் அவரே. 1909-இல் பிரெஞ்சுக்காரராகிய பிளேரியோ அப்பரிசைப் பெற்றார். வணிகமும் தேசபக்தியும் அவர் உள்ளத்தில் பாலும் நீருமாய்க் கலந்திருந்தன; எது எவ்வளவு என்று பிரித்தறிய எந்த அன்னத்தாலும் இயலாது.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. யுத்த மந்திரிப் பதவிக்குக் கிச்சனர் பிரபுவே தக்கவர் என்று டைம்ஸ் வற்புறுத்தியது. அவ்வாறே அவர் அமர்த்தப்பட்டார். அவர் பெயர் கேட்டு இலட்சக்கணக்கான வாலிபர் படையிற் சேர்ந்தனர். ஆள் சேர்ந்ததேயன்றி ஆயுதம் சேரவில்லை. பீரங்கிக் குண்டுகளில் இருவகையுண்டு. ஷ்ராப்னெல் என்பது வானில் வெடித்து ஈயக் குண்டுகளைச் சிதறுவது. வெட்டவெளியில் வரும் படைக்கு அது எமன். பதுங்கு குழியில் இருப்போரையோ முட்கம்பி வேலியையோ அது எளிதில் அழிக்கமாட்டாது. அதற்கு வேண்டியது தரையைப் பிளக்கும் உக்கிர வெடிமருந்துக் குண்டு. ஆங்கிலச் சேனையிடம் மிக அருகியிருந்தது இதுவே. 1915 மே 9-இல் ஆபர்ஸ் மேட்டில் நடந்த தாக்குதலுக்கு முன் பீரங்கிகள் நாற்பது நிமிஷமே முழங்கின. இந்தியப் படைவீரரும் பங்குகொண்ட அப்போரில் ஒரே நாளில் 11,000 பேருக்கு மேல் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்தனர். வேலியோ அறுபடாமல் நின்றது.

சேனாதிபதி பிரெஞ்சு, தம் குறையை மறைக்கவோ நாட்டின் குறையைத் தீர்க்கவோ, டைம்ஸின் போர் நிருபராகிய கர்னல் ரெப்பிங்டனுக்கு இவ்விவரத்தைத் தெரிவித்தார். மே 14-இல் குண்டுப் பஞ்சம் டைம்ஸில் வெளியாயிற்று. குண்டுக்குக் குறைவில்லை என்று பிரதம மந்திரி ஆஸ்குவித் சில வாரங்களுக்கு முன்புதான் நியூகாஸில் நகரில் ஜனங்களுக்கு உறுதி கூறியிருந்தார். இதற்கிடையே நார்த்கிளிப்பின் சகோதரி மகனாகிய இளைஞர் ஒருவர் போர்க்களத்தில் மாண்டார். மருமகனை இழந்த துயரமும் உடன்சேர, மே 21-இல் டெய்லி மெயிலில் கிச்சனரைப் பெயர் சுட்டியே குற்றஞ்சாட்டி எழுதினார். தகாத குண்டை வாங்கி அனுப்பி வீரரைப் பலியிட்டவர் அவரே என்பது அவ்வெழுத்தின் கருத்து.

நாடு கொதித்தெழுந்தது. கிச்சனர் ஜனங்களுக்கு ஒரு தெய்வம்போல் இருந்த காலம் அது. லண்டன் பங்கு மார்க்கெட்டில் டெய்லி மெயில் பிரதிகளைக் குவித்துத் தீயிட்டனர். சங்கங்கள் அவருடைய பத்திரிகைகளை விலக்கின, விளம்பரம் தந்தோர் பின்வாங்கினர், விற்பனை சரிந்தது. நார்த்கிளிப் அசையவில்லை. விற்பனைக்காக எதையும் செய்வார் என்று பெயர் பெற்ற அவர், விற்பனை அழிவதைக் கண்ணாரக் கண்டும் மறுநாள் மீண்டும் அதனையே எழுதினார். அவர் வாழ்வில் நாம் மிகவும் மதிப்பது இச்சில நாட்களையே.

அம்மாத இறுதியில் கூட்டு மந்திரிசபை அமைந்தது. ஜூன் மாதத்தில் லாயிட் ஜார்ஜ் தலைமையில் போர்த்தளவாட இலாகா தோன்றியது. இதனை ஒரு பத்திரிகையின் வெற்றியென்று கூறுவது மிகை; கடற்படைத் தலைமையில் எழுந்த பூசல் முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் தொழிற்சாலைகள் எழுந்த வேகம் வியப்புக்குரியது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் கூடும் எல்லையில் கிரெட்னா என்னுமிடத்தில் ஒன்பது மைல் நீளத்துக்கு வெடிமருந்துச் சாலை ஒன்று பரந்தது. பல இலட்சம் பெண்கள் தளவாட வேலைக்கு வந்தனர். வெடிமருந்தைக் கையாண்டு பலர் மேனி மஞ்சளாய் மாறிற்று. 1917 ஜனவரியில் லண்டனைச் சார்ந்த ஸில்வர்டவுன் ஆலை வெடித்து 73 பேர் உயிர் நீத்தனர். போர்முனையில் மடிந்தோருக்குக் கற்றூண் நாட்டிய தேசம் இப்பெண்களை நெடுங்காலம் மறந்திருந்தது என்பதையும் இடையே குறிக்கின்றோம்.

குண்டுப் பஞ்சம் நீங்கியும் துயரம் நீங்கவில்லை. 1916 ஜூலை 1-இல் ஸோம் நதிப் பிரதேசத்தில் போர் தொடங்குமுன் ஒரு வாரம் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகள் பொழியப்பட்டன. அவசரத்திற் செய்யப்பட்டமையால் பல வெடியாமல் மண்ணிற் புதைந்தன. பல இடங்களிற் பகைவர் வேலி அறுபடவில்லை. அன்று ஒருநாளில் ஆங்கிலச் சேனையில் 57,000 பேருக்கு மேல் சேதம். அவருள் 19,000 பேருக்கு மேல் இறந்தோர். டெய்லி மெயிலோ வெற்றியென்றே எழுதியது. அதன் நிருபர் பீச் தாமஸ், தாம் அந்நாளில் எழுதியவற்றை நினைந்து நாணுவதாகப் பின்னர்த் தம் நூலொன்றில் ஒப்புக்கொண்டார். முந்தைய ஆண்டில் குண்டு இல்லையென்று முழங்கிய வாய், குண்டு வெடிக்கவில்லையென்று கூறாமல் மூடிக்கொண்டது.

இதனினும் கொடியது 1917 ஏப்ரலில் நிகழ்ந்தது. ஜெர்மானியர் தம் வீரரின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கின்றனர் என்னும் செய்தி டைம்ஸிலும் டெய்லி மெயிலிலும் வந்தது. மிருகப் பிரேதத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல் ஒன்றை மனிதப் பிணம் என்று பெயர்த்ததே இக்கதைக்கு மூலம். உலகம் முழுதும் நம்பியது. 1925-இல் ஆங்கில அயல்நாட்டு மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின், இதற்கு ஆதாரமில்லை என்னும் ஜெர்மன் அரசாங்கத்தின் கூற்றைப் பாராளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். அப்பொய்யின் வினை அதனோடு முடியவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஹிட்லரின் ஆட்கள் யூத மக்களை மெய்யாகவே கொன்று குவித்த செய்தி வந்தபோது, இதுவும் பழைய பிணக்கதை போன்றதே என்று ஐயுற்றோர் பலர். மெய்யை எழுதியபோது தீயிடப்பட்ட பத்திரிகை, பொய்யை எழுதியபோது ஒரு தாளும் எரியாமல் விற்றது.

அவ்வாண்டிலேயே கென்ட் கடற்கரையில் இருந்த அவருடைய எல்ம்வுட் மாளிகையின்மீது ஜெர்மன் நாசகாரிக் கப்பல்களின் குண்டுகள் விழுந்தன. பின்னர் அமெரிக்கா சென்று ஆங்கில யுத்த தூதுக்குழுவின் தலைவராகத் தளவாடமும் உணவும் வாங்கும் பெரும்பணியை நிறைவேற்றினார். அங்கிருந்து மீண்டதும் லாயிட் ஜார்ஜ் விமான மந்திரிப் பதவியை அளிக்க முன்வர, தம் மறுப்பை டைம்ஸிலேயே பகிரங்கமாக வெளியிட்டார். அந்த இலாகாவை அதுவரை நடத்திவந்த கௌட்ரே பிரபு, தம் பதவி பிறருக்குப் போகவிருந்த செய்தியைப் பத்திரிகையிற் படித்தே அறிந்து விலகினார். செருக்கு அவரை மெல்ல மெல்ல விழுங்கலாயிற்று.

1918 பிப்ரவரியிற் பகைநாட்டுப் பிரசாரத்துக்கு அவர் தலைவரானார். லண்டனில் குரூ மாளிகை அதற்கு நிலையம். மெய்யல்லாததை அனுப்பலாகாது என்பது அங்கு வகுத்த நெறி. முதலில் அம்பு எய்தது ஆஸ்திரியாவின்மீது. அச்சேனையிற் செக்கர், போலியர், தென் ஸ்லாவியர் எனப் பல இனத்தார் மனமின்றிப் போர் புரிந்தனர். அவரவர் மொழியில், விடுதலைக்கு நேசநாடுகள் துணைநிற்கும் என்று துண்டுப் பிரசுரங்கள் அச்சாகி வீழ்ந்தன. இரவில் இரு படைக்கும் இடைப்பட்ட வெளியிற் கிராமபோன் வைத்து அவர்தம் நாட்டுப் பாடல்களை ஒலிக்கச் செய்தனர். பாட்டைக் கேட்டு வரிசை விட்டு வந்தோரும் உண்டு.

ஜெர்மன் படைக்குச் சென்ற பிரசுரங்கள் காகிதப் பலூன்களிற் சென்றன. காற்று கிழக்கு நோக்கி வீசும் நாளில் அவை எழும். மெல்ல எரியும் திரியொன்று கட்டுகளைச் சிறிது சிறிதாக அவிழ்த்துவிடும். பிரான்ஸில் வந்திறங்கிய அமெரிக்கரின் தொகை, ஜெர்மானியர் இழந்த நிலத்தின் படம் ஆகியன அவற்றில் இருந்தன. அக்டோபர் மாதத்தில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள் பறந்தன. ஹிண்டன்பர்க் அவற்றைக் குறித்துத் தம் வீரருக்கு எச்சரிக்கை விடுத்தார். ஜெர்மன் பகுதிக்குப் பொறுப்பேற்றிருந்தவர் முன்னே கூறிய வெல்ஸ். ஜெர்மன் ஜனங்கள் வேறு, அவர்தம் அரசர் வேறு என்று குரூ மாளிகை எழுத, ஜெர்மானியர் அனைவரும் பாதகரே என்று அதே தலைவரின் பத்திரிகைகள் எழுதின. இம்முரண்பாட்டைச் சகியாமல் வெல்ஸ் ஜூலை மாதத்தில் விலகினார்.

போர் முடிந்ததும், ஜெர்மனியை வீழ்த்தியது நார்த்கிளிப்பின் காகிதமே என்று புகழ்ந்தவர் பலர். அவருள் முதல்வர் தோற்ற சேனாதிபதியாகிய லூடன்டார்ப் என்பது வேடிக்கை! கடற்படை முற்றுகையால் விளைந்த பட்டினியும், டாங்கிகளும், அமெரிக்கச் சேனையும், தீராத குண்டுக் குவியலும் செய்த வேலையைக் காகிதத்தின்மேல் ஏற்றினால், தோல்வி தம்முடையதன்று எனச் சேனாதிபதிகள் தப்பிக்கலாமன்றோ? களத்தில் தோலாத படையைப் பின்னிருந்து குத்தினார்கள் என்னும் கட்டுக்கதை இவ்வகையிலும் வலுப்பெற்றது. ஹிட்லர் 1925-இல் வெளியிட்ட தம் நூலில் ஆங்கிலப் பிரசாரத்தை மெச்சி, அதனைப் பாடமாகக் கொண்டார்.

சமாதான மகாநாட்டில் தமக்கு இடம் கிடைக்குமென நார்த்கிளிப் எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. 1919 ஏப்ரலில் லாயிட் ஜார்ஜ் பாராளுமன்றத்தில் தம் நெற்றியைத் தட்டிக் காட்டி, அவருடைய தற்பெருமை ஒரு நோயென எள்ளினார். 1921-இல் உலகம் சுற்றப் புறப்பட்டு, இந்தியாவையும் கண்டு, மறு ஆண்டு நலங்குன்றித் திரும்பினார். இருதய நோயும் புத்தி மாறாட்டமும் ஒருங்கே பற்றின. காற்றுக்காக லண்டனில் அயல் மாளிகையின் மேல்மாடியிற் கட்டிய மரக் குடிசையில் 1922 ஆகஸ்ட் 14-இல், 57-ஆம் வயதில் இறந்தார். தம்மிடம் வேலை செய்த ஏறத்தாழ 6,000 பேர் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதச் சம்பளம் தருமாறு மரண சாசனத்தில் எழுதி வைத்திருந்தார். டைம்ஸ் வேறொருவர்க்கு விற்கப்பட்டது. டெய்லி மெயில் தம்பியார் ராதர்மியர் பிரபுவின் கைக்குச் சென்றது. போருக்குத் தம் புதல்வர் இருவரைப் பலிகொடுத்த அத்தம்பியாரே, 1930-ஆம் ஆண்டுகளில் அப்பத்திரிகையிலே ஹிட்லரைப் புகழ்ந்து எழுதினார்.