உதய் சங்கர்: கலைஞர் நிலைத்தார், கலைக்கூடம் நிலைக்கவில்லை

இந்திய நடனத்தை மேற்குலக மேடைகளுக்குக் கொண்டுசென்ற முன்னோடிகளில் ஒருவரான உதய் சங்கர், முறையான நடனப் பயிற்சி இன்றியே ஆடத் தொடங்கியவர்.

1900ஆம் ஆண்டு உதய்ப்பூரில் வங்காளக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1920இல் ஓவியம் பயில லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1923இல் ரஷ்ய பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவாவுடன் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் கிருஷ்ணராக ஆடியதே அவரை நடனத்தின்பால் திருப்பியது.

1931இல் அவரது நடனக்குழு பாரிஸில் அரங்கேறியது. தம்பி ரவிசங்கரும் சிறுவயதில் அக்குழுவில் இடம்பெற்றார். புகழ் வந்த பின்னரும், கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியிடம் உதய் சங்கர் மாணவராக அமர்ந்து பயின்றார்.

1930களின் இறுதியில் இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் அவர் கலை மையம் ஒன்றை நிறுவினார். அங்கு நம்பூதிரி கதகளியையும், பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளை பரதநாட்டியத்தையும் கற்பித்தனர். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிதி நெருக்கடியால் அம்மையம் மூடப்பட்டது.

கலை மையம் அமைக்கும் கனவையே கருவாகக் கொண்டு, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் அவர் எடுத்த கல்பனா திரைப்படம் 1948இல் வெளியானது. நடிகை பத்மினி திரையில் அறிமுகமானதும் அதில்தான்.

1936இல் ருக்மிணி தேவி சென்னையில் நிறுவிய கலாக்ஷேத்ரா, ஒரு மரபைப் பாடத்திட்டமாக்கி இன்றும் நிலைத்திருக்கிறது. பல மரபுகளைக் கலந்து உதய் சங்கர் உருவாக்கிய பாணியோ, பெரிதும் அவரது தனித்திறனையே சார்ந்திருந்தது. 1977இல் கொல்கத்தாவில் அவர் காலமானார்.