பறவைகளைக் கணக்கெடுத்த பெருவாழ்வு

நுழையும்முன்

ஓர் உயிரினம் குறைந்து வருகிறது என்பதை எவ்வாறு அறிகிறோம்? முன்பு எத்தனை இருந்தன, இன்று எத்தனை இருக்கின்றன என்னும் இரு செய்திகளும் தெரிந்தால்தான் குறைவு புலப்படும். இந்தியப் பறவைகளைப் பற்றிய முதற்கணக்கை எழுதிவைப்பதற்காக நாடெங்கும் அலைந்த ஓர் அறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிட்டு காட்டிய வழி

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மிக இளம் வயதிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத்துப்பாக்கியால் வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு வியந்தார். அதன் பெயரை அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். கழகச் செயலாளர் மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கியதோடு, அங்குப் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளையும் காட்டினார். அன்று தோன்றிய ஆர்வம் அவரது வாழ்நாள் பணியாயிற்று.

பர்மாவில் சில காலம் தொழில் செய்து திரும்பிய அவர், பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர்ப் பெர்லின் சென்று, பறவையியல் அறிஞர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவரது பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அந்நாள்களில் கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை உற்றுநோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துவதையும், பெண் குருவி அதனை ஏற்ற பின்னரே கட்டிமுடிப்பதையும், மீண்டும் வேறு கூடு கட்டத் தொடங்குவதையும் பொறுமையுடன் குறித்துவைத்தார்.

ஊதியம் வேண்டாக் களப்பணி

அக்காலத்தில் பல பகுதிகளின் பறவைகளைப் பற்றி முறையான பதிவுகள் இல்லை. களச்செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் ஊதியமின்றிக் கணக்கெடுத்துத் தருவதாகச் சாலிம் அலி சமஸ்தானங்களுக்குத் தெரிவித்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் எனப் பயணம் நீண்டது. எந்தப் பறவை, எந்நிலத்தில், எப்பருவத்தில் காணப்பட்டது என்பதை நாள்தோறும் எழுதினார். துணைவியார் தெஹ்மினா முகாம்களில் உடனிருந்து உதவினார். 1939இல் அவர் மறைந்த துயரத்திலும் பணி தடைப்படவில்லை.

இருப்பதைப் பதிவது போலவே இல்லாததைப் பதிவதும் ஆய்வின் கடமையாகும். நெடுங்காலம் அறியப்படாதிருந்த ஃபின் தூக்கணாங்குருவியை இமயமலை அடிவாரத்தின் குமாவூன் தராய்ப் பகுதியில் அவர் மீண்டும் கண்டறிந்தார். ஆனால், புல் அடர்ந்த மலைச்சரிவுகளில் வாழ்ந்த இமயமலைக் காடையை அவர் தேடியும் காண இயலவில்லை. 1876க்குப் பின் அப்பறவை காணப்பட்டதற்கு உறுதியான சான்று இல்லை.

கானமயில்

வறண்ட புல்வெளிகளில் வாழும் கானமயில், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுடையது. ஆண் பறவை 15 கிலோ வரை எடை கொள்ளும். நாட்டின் தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு எழுந்தபோது, சாலிம் அலி கானமயிலை வலியுறுத்தினார். ஆயினும் 1963இல் மயிலே அச்சிறப்பைப் பெற்றது.

கானமயிலைக் கணக்கெடுப்பது எளிதன்று. பரந்த வெளியில் சிலவே வாழ்கின்றன. புல்லின் நிறத்தோடு இயைந்து நிற்கின்றன. ஒரே பறவையை இருமுறை எண்ணும் பிழையைத் தவிர்க்க, நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துப் பல குழுவினர் ஒரே காலத்தில் தேடுகின்றனர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தொண்டைப் பையைப் புடைத்து முழங்குவதால், அப்போது அதனைத் தொலைவிலிருந்தும் அறியலாம்.

இந்தியாவில் 1969இல் ஏறத்தாழ 1,260 கானமயில்கள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2018 அளவில் அவ்வெண்ணிக்கை 150 அளவுக்குச் சுருங்கியது. வேட்டையோடு வாழிட இழப்பும் இதற்குக் காரணமாயிற்று. புல்வெளிகள் பயனற்ற தரிசு எனக் கருதப்பட்டு, விளைநிலங்களாகவும் பிற பயன்பாட்டு நிலங்களாகவும் மாற்றப்பட்டன. கானமயிலுக்கு நேர்எதிரே பார்க்கும் ஆற்றல் குறைவு. கனத்த உடலால் விரைந்து விலகவும் இயலாது. ஆதலால் மின்கம்பிகளில் மோதி மடிகிறது. பெரும்பாலும் ஒரே முட்டையை வெறுந்தரையில் இடுவதால், இழப்பை விரைவில் ஈடுசெய்ய முடிவதில்லை.

நிலைத்த பணி

சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல், எளிய வாசகரையும் பறவை நோக்கராக்கியது. டில்லான் ரிப்ளியுடன் இணைந்து இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் பற்றிய 10 தொகுதிகளைப் படைத்தார். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். பன்னாட்டுப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் அமைந்த ஆய்வு மையம் பறவையியல் பணியைத் தொடர்கிறது.

கணக்கெடுப்பு மட்டுமே ஒரு பறவையைக் காத்துவிடாது. ஆனால், கணக்கு இல்லையேல் ஓர் இனம் மறைவதுகூட நமக்குத் தெரியாமற் போகும். எண்ணிக்கை சொல்லும் எச்சரிக்கையை உணர்ந்து புல்வெளிகளைக் காப்பதே சாலிம் அலியின் உழைப்புக்கு நாம் செய்யும் உரிய மரியாதையாகும்.