பர்ட் மன்ரோ

பர்ட் மன்ரோ (மார்ச் 25, 1899 – சனவரி 6, 1978) நியூசிலாந்தைச் சேர்ந்த விசையுந்துப் பந்தய வீரர் ஆவார். இவரது இயற்பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. 1920 ஆம் ஆண்டில் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் என்னும் விசையுந்தின் இயந்திரத்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் கைகளாலேயே மாற்றியமைத்து, 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் 1000 கன செ.மீ.க்கு உட்பட்ட பிரிவில் உலக சாதனை படைத்தார். அப்போது இவருக்கு வயது 68, வண்டிக்கு வயது 47. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அவ்வண்டியின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 89 கி.மீ. மட்டுமே.

இந்தியன் என்ற பெயர் இந்திய நாட்டைக் குறிப்பதன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கி, 1953 ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திய ஒரு விசையுந்து நிறுவனத்தின் வணிகப் பெயரே அது.

இளமைக்காலம்

மன்ரோ நியூசிலாந்தின் தென்தீவின் தெற்கு முனையிலுள்ள இன்வர்கார்கில் நகரில் பிறந்தார். உடன்பிறந்த இரட்டைச் சகோதரி பிறக்கும்போதே இறந்துவிட்டார். மன்ரோவும் இரண்டு வயதைத் தாண்டி வாழமாட்டார் என மருத்துவர்கள் பெற்றோரிடம் கூறினர். இன்வர்கார்கிலுக்குக் கிழக்கே ஈடன்டேல் என்ற ஊரில் இருந்த குடும்பப் பண்ணையில் வளர்ந்தார். பண்ணையிலிருந்த குதிரைகளுள் மிக விரைவாக ஓடுவதில் ஏறிச் செல்வது சிறுவயதிலேயே இவருக்கு வழக்கமாயிற்று. தந்தை இவ்வார்வத்தை ஊக்குவிக்கவில்லை.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் தந்தை பண்ணையை விற்றபோது, மன்ரோ ஒட்டிரா சுரங்கப்பாதை அமைக்கும் பணியில் சேர்ந்தார். தந்தை வேறொரு பண்ணையை வாங்கியதும் மீண்டும் வீட்டிற்கு அழைக்கப்பட்டார். பிற்பாடு வட்டத்தடப் பந்தய வீரராகச் சிறிது காலம் வாழ்க்கை நடத்தினார். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியபோது ஊர் திரும்பி, விசையுந்து விற்பனையாளராகவும் பழுது பார்ப்பவராகவும் வேலை செய்தார். இவருக்கு நான்கு பிள்ளைகள்.

இந்தியன் ஸ்கவுட்

மன்ரோ வாங்கிய வண்டி, ஸ்கவுட் வகையில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த 627 ஆவது வண்டியாகும். அயர்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் ஃபிராங்க்ளின் என்ற பொறியாளர் இவ்வகையை வடிவமைத்தார். ஆங்கில எழுத்தான வி வடிவில் அமைந்த இரு சிலிண்டர்களைக் கொண்ட இதன் இயந்திரத்தின் கொள்ளளவு 600 கன செ.மீ. ஆகும். பற்சக்கரப் பெட்டியில் மூன்று வேகநிலைகள் இருந்தன. உறுதிக்கும் எளிமைக்கும் பெயர்பெற்ற வண்டியாக இருந்தாலும், பந்தயத்திற்கென அது உருவாக்கப்படவில்லை.

1926 ஆம் ஆண்டில் மன்ரோ இதனை மாற்றியமைக்கத் தொடங்கினார். அவர் எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள, முறுக்குவிசைக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். இயந்திரத்தின் சுழல்தண்டு எவ்வளவு வலிமையோடு திருகப்படுகிறது என்பதே முறுக்குவிசை. அத்திருகலோடு நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதையும் பெருக்கினால் கிடைப்பது திறன். எனவே ஒரு பழைய இயந்திரத்தின் திறனைக் கூட்ட இரண்டு வழிகளே உள்ளன. ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் காற்றையும் எரிபொருளையும் எரிக்கச் செய்து முறுக்குவிசையைக் கூட்டலாம். அல்லது இயந்திரத்தை இன்னும் வேகமாகச் சுழலச் செய்யலாம். மன்ரோ இரண்டையும் செய்தார்.

முதல் வழிக்குக் கொள்ளளவைப் பெருக்க வேண்டும். சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டினால் கொள்ளளவு விட்டத்தின் இருபடியாகப் பெருகும். ஆனால் பழைய சிலிண்டரின் சுவரை ஓரளவுக்கு மேல் குடைந்தால் அது மெலிந்து வெடித்துவிடும். ஆகவே புதிய சிலிண்டர்களையே செய்ய வேண்டியதாயிற்று. நகரின் எரிவாயு வழங்கலுக்குப் பயன்பட்ட பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைக் குடைந்து மன்ரோ சிலிண்டர்களைச் செய்துகொண்டார். உலோகத்தை உருக்கிப் பழைய தகரக் குவளைகளில் ஊற்றிப் பிஸ்டன்களையும் பிற உறுப்புகளையும் வார்த்தார். இவ்வாறு 600 கன செ.மீ. கொள்ளளவு படிப்படியாக உயர்ந்து, 1962 இல் 850 ஆகவும் 1967 இல் 950 ஆகவும் ஆனது.

கொள்ளளவு மட்டும் கூடினால் போதாது. இயந்திரம் மூச்சு விடவும் வேண்டும். ஸ்கவுட்டின் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்திருந்தன. இவ்வமைப்பில் உள்ளே வரும் கலவை வளைந்து நெளிந்து செல்ல நேரிடும். எரியறை பக்கவாட்டில் விரிந்து கிடப்பதால் கலவையை மிகுதியாக அழுத்தவும் இயலாது. அக்காலத்துச் சாலைகளுக்கும் எரிபொருளுக்கும் இது போதுமானதாக இருந்தது. மன்ரோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைப்பகுதிக்கு மாற்றினார். வால்வுகளை இயக்கிய இரண்டு கேம்களுக்குப் பதிலாக நான்கு கேம்கள் கொண்ட அமைப்பையும் உருவாக்கினார். இதனால் ஒவ்வொரு வால்வும் திறந்து மூடும் நேரத்தைத் தனித்தனியே தீர்மானிக்க முடிந்தது. இவர் செய்த மாற்றங்களுள் பொறியியல் நோக்கில் மிக முக்கியமானது இதுவே எனலாம்.

உடைந்த உறுப்புகள்

திறனைக் கூட்டுவதைவிடக் கூட்டிய திறனைத் தாங்கச் செய்வதே கடினமாக இருந்தது. இயந்திரத்தின் சுழற்சி வேகம் இரு மடங்கானால், மேலும் கீழும் பாயும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை நான்கு மடங்காகும். அவ்விசை முழுவதும் பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் இணைப்புத் தண்டின் மீதே விழும். 1920 ஆம் ஆண்டின் தண்டுகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மன்ரோ ஒரு பழைய டிராக்டரின் அச்சை எடுத்து, அதிலிருந்து புதிய இணைப்புத் தண்டுகளைக் கையாலேயே செதுக்கினார். கனச்சக்கரங்களையும் மசகெண்ணெய் செலுத்தும் அமைப்பையும் தாமே செய்தார். மிகுந்த முறுக்குவிசையில் நழுவாதிருக்க 17 தட்டுகள் கொண்ட கிளட்சு ஒன்றையும், இயந்திரத்திலிருந்து விசையைக் கடத்த மூன்று வரிசைச் சங்கிலியையும் பொருத்தினார். நுண்ணளவு எடுக்கத் தேய்ந்துபோன ஆரக்கம்பி ஒன்றைப் பயன்படுத்தினார் என்பது இவரைப் பற்றிக் கூறப்படும் செய்திகளுள் மிகவும் பரவலானது.

ஒன்றை வலுப்படுத்தினால் அடுத்த வலுவற்ற உறுப்பு உடைந்தது. பகலில் விற்பனை வேலையைப் பார்த்துவிட்டு இரவில் இயந்திரத்தைப் பிரித்துச் சேர்த்தார். சில நாட்களில் உறங்கவே இல்லை. உருகிய பிஸ்டன்களையும் முறிந்த தண்டுகளையும் எறியாமல் தம் கொட்டகையில் ஓர் அலமாரியில் அடுக்கி, அவை வேகக் கடவுளுக்கு அளித்த காணிக்கைகள் என அதன்மேல் எழுதி வைத்திருந்தார். 1936 ஆம் ஆண்டின் வெலோசெட் வண்டி ஒன்றையும் இதே முறையில் மாற்றியமைத்தார்.

இதற்குக் கொடுத்த விலை சிறியதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவரது திருமணம் முறிவுற்றது. வேலையை விட்டுவிட்டு, வண்டிகள் நிறுத்தும் ஒரு சிறு கொட்டகையிலேயே குடியேறினார். 1950களின் இறுதியில் இதயவலி நோயும் வந்தது.

நியூசிலாந்தில் ஓரேட்டிக் கடற்கரையின் கெட்டியான மணற்பரப்பே இவரது சோதனைத் தளமாக இருந்தது. 1940 ஆம் ஆண்டில் மணிக்கு 120.8 மைல் (ஏறத்தாழ 194 கி.மீ.) வேகத்தில் சென்று நாட்டின் திறந்த சாலைச் சாதனையை நிகழ்த்தினார். 1957 ஆம் ஆண்டு வரை இவரது பெயர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டு வந்தது. அவ்வாண்டு ஓர் அமெரிக்க இதழ் அதைத் தவறாக அச்சிட, அந்தப் பிழையையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

பான்வில் உப்புவெளி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பான்வில், பழங்கால ஏரியொன்று வற்றியதால் உருவான தட்டையான உப்புப் பரப்பாகும். மன்ரோ அங்குப் பத்து முறை சென்றார். முதன்முறை சென்றது வேடிக்கை பார்க்க மட்டுமே. இவ்விடம் வேகச் சோதனைக்கு ஏற்றதாயினும் இயந்திரத்திற்குச் சாதகமானதன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று அடர்த்தி குறைந்தது. கடற்கரையில் கிடைத்த திறனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குக் குறைந்துவிடும்.

மேலும், வேகம் இரு மடங்கானால் காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். எனவே இயந்திரத்தை மட்டும் மேம்படுத்தி அத்தகைய வேகத்தை எட்ட முடியாது. கண்ணாடியிழையால் ஆன நீள்வடிவ மேலுறை ஒன்றை மன்ரோ அமைத்தார். அதனுள் குப்புறப் படுத்த நிலையில் ஓட்ட வேண்டும்.

1962 ஆம் ஆண்டில் 883 கன செ.மீ. பிரிவில் மணிக்கு 288 கி.மீ. வேகத்தில் முதல் உலக சாதனையை நிகழ்த்தினார். 1966 இல் மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் மற்றொரு சாதனை. 1967 இல் தகுதிச் சுற்றில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 190.07 மைல் (305.89 கி.மீ.) வேகம் பதிவானது. சாதனையாக ஏற்கப்படுவதற்கு எதிரெதிர்த் திசைகளில் இரு ஓட்டங்கள் தேவை. அவற்றின் சராசரி மணிக்கு 183.59 மைல் என அப்போது அறிவிக்கப்பட்டது.

ஓட்டம் ஒன்றின்போது உச்ச வேகத்தில் வண்டி தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க மன்ரோ உடலை மேலே நிமிர்த்தியபோது, காற்று அவரது கண்ணாடியைப் பிய்த்தெறிந்தது. எதையும் காண இயலாத நிலையில் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தினார். மணிக்கு 200 மைலைத் தாண்டியதாகவும் இவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அது அலுவல்முறையில் பதிவான வேகம் அன்று, 190.07 மைல் என்பதையே பதிவான உச்சமாகக் கொள்ளுதல் வேண்டும்.

இறுதிக் காலம்

இதயவலி இருந்தும் மன்ரோ ஓட்டுவதை விடவில்லை. 1977 ஆம் ஆண்டில் பக்கவாதத்தால் தாக்குண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடல் உறுப்புகளின் ஒத்திசைவு குறைந்துவிட்டதை உணர்ந்தபின், தம் வண்டிகள் சவுத்லாந்துப் பகுதியை விட்டு வெளியேறக் கூடாது என விரும்பி, இரண்டையும் இன்வர்கார்கிலைச் சேர்ந்த வணிகர் நார்மன் ஹேய்ஸ் என்பவருக்கு விற்றார். அடுத்த ஆண்டு சனவரி 6 ஆம் நாள் தமது 78 ஆவது வயதில் காலமானார்.

இயக்குநர் ரோஜர் டொனால்ட்சன் 1970களின் தொடக்கத்தில் இவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். பின்னர் 2005 ஆம் ஆண்டில், ஆன்டனி ஹாப்கின்ஸ் மன்ரோவாக நடித்த முழுநீளத் திரைப்படத்தையும் அவரே இயக்கினார். இன்று பலர் மன்ரோவை அறிந்திருப்பது இப்படத்தின் வாயிலாகவே. எனினும் பல ஆண்டுகளில் நிகழ்ந்த பான்வில் பயணங்களை அது ஒரே பயணமாகச் சுருக்கிக் காட்டுவதால், அதனை வரலாறாகக் கொள்ளலாகாது. அமெரிக்க விசையுந்துச் சங்கம் 2006 ஆம் ஆண்டில் இவரைத் தனது புகழ்மண்டபத்தில் சேர்த்தது.

1967 ஆம் ஆண்டுச் சாதனையின் கணக்கில் ஒரு பிழை இருப்பதை மன்ரோவின் மகன் ஜான் பின்னாளில் கண்டறிந்தார். அச்சங்கம் அதனை ஏற்று, மன்ரோ இறந்து 36 ஆண்டுகள் கழித்து, 2014 ஆம் ஆண்டில் சாதனை வேகத்தை மணிக்கு 184.087 மைல் (296.26 கி.மீ.) எனத் திருத்தியது.