ஏற்ற நோன்பும் சுமத்திய தனிமையும்
பிரம்மசாரி சீதல் பிரசாத் அவர்களின் வாழ்க்கை

ஐவகை விரதங்களுள் புகழ்வதற்கு எளியதும், உள்ளபடி உணர்வதற்கு அரியதுமாய் இருப்பது பிரம்மசரியம். வாழ்க்கைத் துணையின்றி வாழும் இருவரைப் புறத்தே நோக்கின் வேறுபாடு தோன்றாது. ஒருவர்க்கு அந்நிலை அமைதியையும் உள்ளத் திண்மையையும் நல்குகிறது. மற்றொருவர்க்கோ துயரையும் உடல் நலிவையும் தருகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் பிரம்மசாரி சீதல் பிரசாத் ஜீ அவர்கள்.

வடநாட்டில் பிறந்தவராயினும் அவர் நமக்கு அயலார் அல்லர். பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் வணங்கும் ஆச்சார்ய ஸ்ரீ குந்தகுந்தரின் சமயசாரம், நியமசாரம், பிரவசனசாரம், பஞ்சாஸ்திகாயம் ஆகிய பேரருள் நூல்களுக்கு இந்தி மொழியில் விளக்கம் கண்ட பெருமை அவருக்குண்டு. சென்னை, மைசூர் மாகாணங்களின் தொன்மையான ஜைனச் சின்னங்களைத் தொகுத்து 1928ஆம் ஆண்டில் ஒரு நூலாக அவர் வெளியிட்டார். நம் ஜினாலயங்களையும் குகைப்பள்ளிகளையும் வடநாட்டு ஜைனர்கள் அறியச் செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

இளமையும் இழப்பும்

1878ஆம் ஆண்டு இலக்குமணபுரி எனப்படும் லக்னோ நகரில், திகம்பர ஜைன அகர்வால் குடும்பத்தில் அவர் தோன்றினார். ஆங்கிலக் கல்வி கற்றுத் தேர்ந்து, கணக்கர் பயிற்சியும் பெற்று, அரசுப் பணியில் அமர்ந்தார். அக்கால வழக்கப்படி இளவயதிலேயே மணம் முடித்து இல்லறம் நடத்தி வந்தார். சமய நூல்களில் ஈடுபாடு இருந்ததெனினும், துறவு நெறியை நாடும் குறி எதுவும் அந்நாளில் வெளிப்படவில்லை.

1896ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் சில ஆண்டுகளில் வடநாடு முழுதும் பரவிற்று. 1904ஆம் ஆண்டில் அந்நோய் சீதல் பிரசாத்தின் இல்லத்திலும் புகுந்தது. சில நாட்களுக்குள் மனைவி, அன்னை, இளைய தம்பி ஆகிய மூவரையும் அவர் பறிகொடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய 25.

அன்புக்குரியோரைப் பிரிந்த உள்ளம் அவர்களையே இடையறாது எண்ணி உருகும் நிலையை நம் ஆகமங்கள் ஆர்த்த தியானத்தின் ஒரு வகையாகக் கூறும். இஷ்ட வியோகம் என்னும் இத்துயர் வினைக்கட்டை இறுகச் செய்வது என்பது ஆச்சார்யர்களின் துணிபு. அது உடலையும் தாக்குவது என்பதை இக்கால மருத்துவம் அளந்து காட்டியுள்ளது. 55 வயதும் அதற்கு மேலும் ஆன மனைவியை இழந்த ஆடவர் 4,486 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. இழப்பிற்குப் பின்வந்த முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு, அதே வயதுடைய மணமான ஆடவரைக் காட்டிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுந்திருந்தது. பின்னர் அம்மிகை படிப்படியாகக் குறைந்தது. பிரிவின் முதற்காலமே பெரும் இடர் நிறைந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

மறுமணம் மறுத்த உரிமை

மனைவியை இழந்த இளைஞன் ஓராண்டு கழியுமுன் மறுமணம் செய்துகொள்வது அக்காலத்தில் இயல்பான வழக்கம். சமூகம் அதனைத் தடுப்பதில்லை. உற்றார் வற்புறுத்துவதும் உண்டு. சீதல் பிரசாத்துக்கு அவ்வழி முற்றிலும் திறந்தே இருந்தது. கல்வியும் அரசு ஊதியமும் உடைய இளைஞருக்குப் பெண் கொடுக்க எவர் மறுப்பர்? எனினும் அவர் அதனை நாடவில்லை. 1905ஆம் ஆண்டில் பணியைத் துறந்து பம்பாய் சென்று, தானவீரர் எனப் போற்றப்பெற்ற சேட் மாணிக்சந்த் அவர்களின் அறப்பணிகளுக்குத் துணை நின்றார்.

இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இழப்பு நேர்ந்த ஆண்டு 1904. சோலாப்பூரில் ஐலகர் பன்னாலால் அவர்கள் முன்னிலையில் பிரம்மசரியப் பிரதிமை ஏற்ற ஆண்டு 1909. இடையே ஐந்தாண்டுகள் கழிந்தன. துயரின் வேகத்தில் அவர் விரதத்தைப் பற்றிக்கொள்ளவில்லை. அழுகை அடங்கி, சுவாத்தியாயத்தாலும் தொண்டாலும் உள்ளம் தெளிந்த பின்னரே அதனை ஏற்றார்.

இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் எழுந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய உயர்நிலைகளை வகுத்துரைப்பதை நாம் அறிவோம். பதினொரு பிரதிமைகளுள் ஏழாவது பிரம்மசரியம். முதற்படியிலேயே எவரையும் அதில் நிறுத்துவதில்லை. இல்லறத்தானுக்கு முதலில் விதிக்கப்படுவது தன் மனைவியிடத்தே நிறைவு கொள்ளும் அணுவிரதமே. ஆறு படிகளைக் கடந்து, தகுதி பெற்று, தானே விரும்பி ஏறுவது ஏழாவது படி. மேலும், மாயை, மித்தியாத்துவம், நிதானம் என்னும் மூன்று சல்லியங்கள் நீங்கியவனே விரதி என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. சல்லியம் என்பது உள்ளே தைத்த முள். முள் உள்ளிருக்க மேலே கட்டிய கட்டு புண்ணை ஆற்றாது.

நோன்பால் நிறைந்த வாழ்வு

விரதமேற்ற பின்னர் அவருடைய வாழ்வு வெறுமையாக இருக்கவில்லை. மூன்று வேளை சாமாயிகம், இடையறாத சுவாத்தியாயம், ஊர்தோறும் பயணம், மழைக்காலத்தில் ஒரு நகரில் தங்கி அறவுரை என அவருடைய நாட்கள் நிரம்பி வழிந்தன. ஜைன மித்திரன் என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை 1909ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சுமந்தார். காசியில் 1905ஆம் ஆண்டில் தோன்றிய சியாத்வாத மகாவித்தியாலயத்தின் வளர்ச்சியிலும், அஸ்தினாபுரத்தில் 1911ஆம் ஆண்டில் அமைந்த ரிஷப பிரம்மசரிய ஆசிரமத்தின் பணியிலும் அவர் பங்கு கொண்டார். நீதிபதி ஜே. எல். ஜெய்னி அவர்கள் கோம்மடசாரம் முதலிய நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது உடனிருந்து துணைபுரிந்தார். 1923ஆம் ஆண்டில் வழக்கறிஞர் சம்பத்ராய் ஜெயின் முதலியோருடன் சேர்ந்து அனைத்திந்திய திகம்பர ஜைன பரிஷத்தை உருவாக்கினார்.

மனைவியும் மக்களும் இல்லாத அம்மனிதருக்கு நண்பர்கள் இருந்தனர், மாணவர்கள் இருந்தனர், அவருடைய வருகைக்குக் காத்திருந்த இல்லங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. காலையில் எழுந்தால் செய்வதற்குப் பணியும், பேசுவதற்குத் துணையும், சிந்திப்பதற்குப் பொருளும் அவருக்கு இருந்தன. பிரம்மசரியம் அவரை நலிவிக்காமல் வளர்த்ததற்கு அவருடைய உறுதி ஒரு காரணம். அதனைச் சூழ்ந்திருந்த அன்பும் அறிவும் மதிப்பும் மற்றொரு காரணம்.

அவர் கண்ட மற்றொரு தனிமை

சேட் மாணிக்சந்தின் மகள் மகன்பாய் இளமையிலேயே கணவரை இழந்தவர். அவர் கல்வி கற்று, பம்பாயில் சிராவிகாசிரமத்தை நடத்தி, துணையற்ற பெண்கள் பலருக்கு வாழ்வளித்தார். இவ்வாறே பீகாரின் ஆரா நகரில், பன்னிரண்டு வயதளவில் கைம்மை எய்திய சந்தாபாய் அவர்கள் 1921ஆம் ஆண்டில் ஜைன பாலா விசிராமம் என்னும் கல்விச்சாலையை நிறுவினார். கைம்மையைத் தவமாக மாற்றிக்கொண்ட அன்னையர் இவர்கள். ஆனால் இவர்களுக்குக் கல்வி கிடைத்தது; ஆதரிக்கும் குடும்பமும் கிடைத்தது.

ஊர்தோறும் சென்ற சீதல் பிரசாத் கண்டதோ பெரும்பாலும் வேறு காட்சி. மணவாழ்வு இன்னதென அறியுமுன்னரே கணவனை இழந்த சிறுமியர் வீட்டு மூலைகளில் வாழ்ந்தனர். வண்ண ஆடையும் வளையலும் அவர்களுக்கு விலக்கு. மங்கல நிகழ்ச்சிகளில் அவர்கள் முகத்தைக் காண்பதும் தீநிமித்தம். படிப்பில்லை, தம் கையில் பொருளில்லை, பரிவோடு பேசுவாரும் இல்லை. இத்தகைய வாழ்வு உடலை உருக்குவதும், உள்ளத்தை வெறுமையாக்குவதும், சிலரை மறைவொழுக்கத்திலும் அதன் விளைவான பெருந்துன்பத்திலும் வீழ்த்துவதும் அந்நாளைய சீர்திருத்தவாதிகள் பலரும் எடுத்துரைத்த உண்மைகள்.

இவ்விடத்தில் அவருள் ஓர் ஒப்பீடு எழுந்திருத்தல் இயல்பே. தாமும் துணையை இழந்தவர், அச்சிறுமியரும் இழந்தவரே. தமக்கு மறுமணத்தின் வாயில் திறந்திருந்தது. தாம் அதனுள் நுழையவில்லை. ஆதலால் தம் துறவு விரதமாயிற்று. அவர்களுக்கோ வாயில் அடைக்கப்பட்டிருந்தது. கொள்ளவும் தள்ளவும் உரிமையில்லாத ஒன்றை விரதம் என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

எதிர்ப்பும் உறுதியும்

1920களின் பிற்பகுதியில் அவர் தம் கருத்தை வெளிப்படையாக அறிவித்தார். விரும்பும் கைம்பெண் மறுமணம் செய்துகொள்ள இடமளித்தல் வேண்டும். விரும்பாது நோன்பேற்பவளை வணங்குதல் வேண்டும் என்பதே அவருடைய நிலைப்பாட்டின் சாரம். 1928ஆம் ஆண்டில் சனாதன ஜைன சமாஜம் என்னும் அமைப்பை இதன் பொருட்டு நிறுவினார்.

சமூகம் கொந்தளித்தது. எதிர்த்தவர் அனைவரும் கல்நெஞ்சர் என்று கூறிவிடுதல் நேர்மையன்று. ஒழுக்கமே ஜைனத்தின் உயிர்நாடி என்றும், ஒரு வாயிலைத் திறந்தால் கட்டுப்பாடு முழுதும் குலையும் என்றும், மகன்பாய், சந்தாபாய் போன்ற அன்னையரின் தூய வாழ்வே வழிகாட்டி என்றும் அவர்கள் கருதினர். பிரம்மசரிய விரதம் பூண்ட ஒருவரே மறுமணத்துக்குப் பரிந்து பேசுவது அவர்களுக்குப் பெரும் முரண்பாடாகத் தோன்றிற்று. உண்மையில் அதனைப் பேசுவதற்குரிய தகுதி அவருக்கே மிகுதியாக இருந்தது. தமக்கென ஒன்றும் வேண்டாதவர் பிறருக்காக வேண்டினார். துணையின்மையின் அருமையையும் கொடுமையையும் ஒருசேர உணர்ந்தவர் அவர்.

அதற்குரிய விலையையும் அவர் கொடுத்தார். ஜைன மித்திரன் இதழின் பொறுப்பு அவரைவிட்டு நீங்கிற்று. உடன் உழைத்த நண்பர்கள் பலர் விலகினர். முன்பு எதிர்கொண்டு அழைத்த ஊர்கள் சில கதவடைத்தன. அவர் சினந்து மறுமொழி கூறவில்லை. தம் விரதத்தையும் தளர்த்தவில்லை. சிறுவர் மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டில் நிறைவேறி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்த அளவு வயதை நிறுவியது. குழந்தைக் கைம்மையின் வேரையே தொட்ட சட்டம் அது.

பிற்காலத்தில் அவர் இலங்கைக்கும் சென்று பௌத்த நூல்களைப் பயின்று, ஜைனத்தையும் பௌத்தத்தையும் ஒப்பிட்டு எழுதினார். தாரண சுவாமிகளின் நூல்களுக்கு விளக்கம் கண்டு, மறைந்து கிடந்த செல்வத்தை வெளிக்கொணர்ந்தார். இறுதி ஆண்டுகளில் நடுக்க நோய் அவரைப் பற்றியது. எழுதியெழுதித் தழும்பேறிய கை எழுத இயலாது நின்றது. அந்நிலையிலும் அவர் தனித்து விடப்படவில்லை. பிறந்த லக்னோ நகரிலேயே அன்பர்களின் பேணுதலில் இருந்து, 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், ஏறக்குறைய 63 வயதில் இவ்வுடல் நீத்தார்.

நமக்குரிய பாடம்

சிறு சமூகமாகிய நம்மிடையே உரிய காலத்தில் வரன் அமையாது நிற்கும் மகனோ மகளோ, இளவயதில் துணையை இழந்தவரோ, முதுமையில் தனித்தவரோ இல்லாத ஊர் அரிது. திருமணமின்மையே ஒரு நோயன்று; நாம் வணங்கும் முனிவர்களும் ஆர்யிகைகளும் அதற்குச் சான்று. ஆயின் விருப்பமின்றி வந்த தனிமை, பேசுவாரும் மதிப்பாருமின்றி நீடிக்குமாயின், அது உறக்கத்தையும் உணவையும் உள்ளத்தையும் கெடுக்கும். அதனை முற்பிறவி வினை என்று சொல்லி நாம் ஒதுங்கி நிற்பது அறமாகாது. வினை அவர்களுடையதாயின், கருணை நம்முடைய கடமை.

மறுமணம் விரும்புவோருக்குத் தயக்கமின்றித் துணை நிற்போம். தனித்து வாழ விரும்புவோரை நச்சரிக்காது மதிப்போம். விழாவிலும் பூசையிலும் அவர்களுக்கு முன்வரிசையில் இடமளிப்போம். நோன்பின் பெருமை அதனை ஏற்பவரின் விருப்பத்தில் உள்ளது என்பதை வாழ்ந்து காட்டிய சீதல் பிரசாத் ஜீ அவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவேயாகும்.

அறம் வளர்க! அருள் பெருகுக!