'ஆர்வெல்லியன்'னு திட்டுறாங்களே... யார் அந்த ஆர்வெல்?

பிக் பாஸ் வீட்டுல மூலைக்கு மூலை கேமரா இருக்கும்ல? அந்த நிகழ்ச்சியோட மூலம், 1999-ல் நெதர்லாந்துல ஆரம்பிச்ச 'பிக் பிரதர்'. அந்தப் பேரை அவங்க எடுத்தது '1984'ங்கிற நாவல்ல இருந்து. எழுதினவர் ஜார்ஜ் ஆர்வெல்.

ஆங்கிலச் செய்திகள்ல 'ஆர்வெல்லியன்'னு ஒரு வார்த்தை உங்க கண்ணுல பட்டிருக்கும். மக்களை ஓயாம வேவு பார்க்குற, பொய்யையே உண்மைன்னு நம்பவைக்கிற அரசைத் திட்டுற வார்த்தை அது. காந்தியவாதின்னா காந்தி வழியில நடக்கிறவர். ஆனா, ஆர்வெல்லியன் அரசுன்னா ஆர்வெல் அடியோடு வெறுத்த அரசு. பாவம் மனுஷன்! இதுல இன்னொரு கூத்து, அது அவரோட நிஜப் பேரே இல்ல.

நிஜப் பேர் எரிக் ஆர்தர் பிளேர். 1903-ல் நம்ம பீகார்ல இருக்கிற மோதிஹாரியில் பிறந்தவர். அப்பா, பிரிட்டிஷ் அரசோட அபின் துறையில அதிகாரி. எரிக்குக்கு ஒரு வயசு இருக்கும்போதே அம்மா இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க ஈட்டன் பள்ளியில் உதவித்தொகையில படிச்சார். காலேஜ் பக்கம் போகல. 19 வயசுல பர்மாவுக்குக் கிளம்பிட்டார், போலீஸ் அதிகாரியா!

ஆமாங்க, கண்காணிப்பு பத்தி உலகத்துக்கே எச்சரிக்கை மணி அடிச்சவர், முதல்ல நின்னது கண்காணிக்கிறவங்க பக்கம்தான். கிட்டத்தட்ட 5 வருஷம். 1927-ல் லீவுக்கு ஊருக்கு வந்தவர், மனசாட்சி உறுத்த வேலையை விட்டுட்டார். பாரிஸ் ஹோட்டல்ல பாத்திரம் கழுவினார். லண்டன்ல வீடில்லாதவங்களோட படுத்துத் தூங்கினார். அந்த அனுபவங்கள் 1933-ல் புத்தகமாச்சு. குடும்பத்துக்குச் சங்கடம் வரக் கூடாதுன்னு புனைபெயர் தேடினார். அவர் யோசிச்ச நாலு பேர்ல தேர்வானதுதான் ஜார்ஜ் ஆர்வெல். ஆர்வெல்ங்கிறது இங்கிலாந்தோட சஃபோக் பகுதியில் ஓடுற ஓர் ஆறு. அந்த நாலுல பர்ட்டன்னும் ஒரு பேர் இருந்துச்சு. அது தேர்வாகியிருந்தா, இன்னைக்கு அரசாங்கங்களை 'பர்ட்டனியன்'னு திட்டிட்டு இருந்திருப்பாங்க!

1936 கடைசியில் ஸ்பெயின் போனார். பாசிச ராணுவத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினார். 1937 மே மாசம் தொண்டையில குண்டு பாய்ஞ்சும் பிழைச்சுட்டார். அதைவிட ஆழமா வலிச்சது வேற. அவர் இருந்த படைப்பிரிவையே, கூட நின்ன கம்யூனிஸ்ட்டுகள் துரோகிகள்னு முத்திரை குத்திட்டாங்க. தோழர்கள் ஜெயிலுக்குப் போனாங்க. நடக்காத சண்டைகள் நடந்ததா பத்திரிகைகள்ல செய்தி வந்துச்சு. மனைவி ஐலீனோட தப்பிச்சு ஓடி வந்தார்.

அப்புறம் உலகப் போர். பிபிசியில 2 வருஷம் இந்தியாவுக்கான வானொலி நிகழ்ச்சிகள் தயாரிச்சார். எழுதுற ஒவ்வொரு பக்கமும் தணிக்கையைத் தாண்டணும். ஸ்டாலினைக் கிண்டலடிச்சு எழுதின 'விலங்குப் பண்ணை'யை, அப்போ ரஷ்யா நட்பு நாடுங்கிறதால பல பதிப்பாளர்கள் தொடவே இல்ல. அது 1945 ஆகஸ்ட்ல வெளியானப்போ ஐலீன் உயிரோட இல்ல. சில மாசம் முன்னாடி, ஆபரேஷன் டேபிள்லயே இறந்துட்டாங்க.

ஸ்காட்லாந்தோட ஜூரா தீவுல, ஒதுக்குப்புறமான ஒரு பண்ணை வீட்டுல '1984'-ஐ எழுதி முடிச்சார். காசநோய் முத்திடுச்சு. டைப் அடிக்க அங்க வர ஆள் கிடைக்காம, படுக்கையில உட்கார்ந்தபடி அவரே அடிச்சார். 1949 ஜூன்ல நாவல் வெளியாச்சு. 1950 ஜனவரியில 46 வயசுல இறந்துட்டார்.

அவர் ரசிகர்களுக்கு நெருடுற விஷயம் ஒண்ணு இருக்கு, எனக்கும்தான். அதே 1949-ல், சிகிச்சையில இருந்தப்போ, கம்யூனிஸ்ட் அனுதாபிகள்னு தான் சந்தேகப்பட்ட 38 பேரோட பட்டியலை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையோட பிரசாரப் பிரிவுக்குக் கொடுத்தார். இவங்களைப் பிரசாரம் எழுதக் கூப்பிடாதீங்கன்னு சொல்றதுக்காக. சில விமர்சகர்கள் இதைத்தான் ஆர்வெல்லியன்னு சொன்னாங்க.

இப்போ அக்கவுன்ட் பிளாக் ஆனாலும், ஆபீஸ்ல கேமரா வெச்சாலும் ஆர்வெல்லியன்தான். ஆனா, அவர் நாவல்ல கேமராவைவிட பயமுறுத்துறது அகராதி. ஒவ்வொரு பதிப்பிலும் வார்த்தைகளை வெட்டி வெட்டி அதை மெலிய வைப்பாங்க. எதிர்த்துப் பேச மட்டுமில்ல, எதிர்த்து நினைக்கவே வார்த்தை இருக்காது. பழைய செய்தித்தாள்களைத் திருத்தி அச்சடிக்கிற துறைக்குப் பேர் உண்மை அமைச்சகம். ஸ்பெயின் பத்திரிகைகள் ஞாபகம் வருதா?

சட்டன் கோர்ட்னிங்கிற கிராமத்து சர்ச்ல அவர் கல்லறை இருக்கு. கல்லுல எரிக் ஆர்தர் பிளேர்ங்கிற பேரும், பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும்தான். ஆர்வெல்ங்கிற பேர் அதுல எங்கேயும் இல்ல.